எல்வன் எம்பயர்: பெட்டியில் வந்தபடியே ஆடினால் நாலு பேர் மேசையில் நிற்குமா?

ஸ்கார்பரோ_அப்பா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மாஜிக் த கேதரிங் என்ற கார்டு விளையாட்டை ஆடத் தொடங்கி எனக்கு ஆறு மாதம்தான் ஆகிறது. என் மகளுக்கு 15 வயது. சனிக்கிழமை பின்னேரங்களில் அவளும் அவளுடைய இரண்டு சிநேகிதிகளும் எங்கள் சாப்பாட்டு மேசையில் கமாண்டர் (ஒரு தலைவர் கார்டைச் சுற்றிக் கட்டிய டெக்கோடு பலர் சேர்ந்து ஆடும் வகை) ஆடுவார்கள். மூன்று பேர் ஆடினால் இரண்டு பேர் சேர்ந்து ஒருத்தியை அடித்துவிடுகிறார்கள் என்று சொல்லி, நாலாவது ஆளாக என்னை உட்கார வைத்தாள். இந்த வயதில் ஒரு பிள்ளை தகப்பனைத் தன் சிநேகிதிகளோடு சேர்ந்து ஆடக் கூப்பிடுகிறாள் என்றால் நான் இல்லை என்று சொல்வேனா?

வேலையிடத்தில் ஒரு பெடியன் வேறு நகரத்துக்குப் போகும்போது தன்னிடம் இருந்த எல்வன் எம்பயர் டெக்கை எனக்கு விற்றுவிட்டுப் போனான். 2021இல் கால்ட்ஹைம் செட்டோடு வந்த ப்ரீகான், அதாவது ஆயத்தமாகக் கட்டி விற்கும் டெக். பச்சை, கறுப்பு. கமாண்டர் லாத்ரில். ஒரு கார்டும் மாற்றவில்லை, பெட்டியில் வந்தபடியே இருக்கிறது என்று சொன்னான். பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது.

மூன்று சனிக்கிழமை, மூன்று ஆட்டம், மூன்றிலும் தோற்றேன். தோற்றதில் எனக்கு வருத்தம் இல்லை. தோற்ற விதம்தான் விளங்கவில்லை. கடைசி ஆட்டத்தைச் சொல்கிறேன். எட்டாவது டர்ன் அளவில் லாத்ரிலோடு சேர்த்து என் போர்டில் பத்து எல்ஃப் கிரியேச்சர் நின்றது. அடுத்த டர்னில் பத்தையும் டேப் செய்து (பக்கவாட்டில் திருப்பி), லாத்ரிலின் சக்தியால் எல்லாருக்கும் பத்து பத்து லைஃப் குறைக்கலாம் என்று காத்திருந்தேன். மகளிடம் ஒரு சிவப்பு டிராகன் டெக் இருக்கிறது. அவள் ஒரேயொரு சிவப்பு மானா (கார்டு போடக் கொடுக்கும் விலை) கொடுத்து, போர்டில் உள்ள எல்லாக் கிரியேச்சருக்கும் அடி கொடுக்கும் பிளாஸ்பிமஸ் ஆக்ட் போட்டாள். எல்லாம் போய்விட்டது. என் கையில் இருந்தது ஒரு லேண்ட் (மானா தரும் கார்டு) மட்டும். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மகளுக்கும் மனம் கேட்கவில்லை. இரவு பாத்திரம் கழுவும்போது, "அப்பா, உங்கட டெக்கை ஒருக்கா மாத்திப் பாருங்கோவன்" என்றாள்.

இணையத்தில் தேடினால் இருபது கார்டை எடு, இருபது கார்டைப் போடு என்று பட்டியல் வருகிறது. ஏன் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: இந்த டெக் உண்மையிலேயே பலவீனமானதா, அல்லது நான் ஆடும் விதம் பிழையா? ஒரு ப்ரீகானை நல்லது, நல்லதில்லை என்று அனுபவம் உள்ளவர்கள் எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கொஞ்சம் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


நிலச்சீட்டு எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: இது வயதான டெக். 2021இல் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த ப்ரீகான்களில் பல இன்னும் கூர்மையாக, ஒரே திட்டத்தை நோக்கி அமைந்திருக்கின்றன. எல்வன் எம்பயரின் லேண்டுகளைப் பாருங்கள். கோல்காரி கில்ட்கேட், ஜங்கிள் ஹாலோ, ஃபவுல் ஆர்ச்சர்ட், ராட் ஃபார்ம் எல்லாமே டேப்பாகித்தான் வரும், வந்த உடனே மானா தராது. ஒவ்வொன்றும் உங்களை அரை டர்ன் பின்னால் தள்ளுகிறது.

2025 பிப்ரவரியில் கமாண்டருக்கு ஐந்து பிராக்கெட் முறை (டெக்குகளைப் பலத்தின்படி தரம் பிரிப்பது) வந்தபோது சராசரி ப்ரீகானை இரண்டாவதில் வைத்தார்கள். உங்கள் மகளின் சிநேகிதிகள் தாங்களாகவே கட்டிய டெக் ஆடினால் அவர்கள் மூன்றாவதில் இருக்கலாம். ஆட்டம் தொடங்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே உள்ள தூரம் பெரியது. முடிந்தால் இதை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள் என்பதுதான் என் எண்ணம்.


பச்சைக்கறுப்பு எழுதியது:

அண்ணா, வணக்கம். எல்வன் எம்பயரை 2021இல் வாங்கி இன்றுவரை என்னிடம் வைத்திருப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு கல் மேசை இருக்கிறது. எனக்கு இரவு ஷிஃப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேர் அங்கேதான் ஆடுவோம். ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். இந்த டெக்கில் மட்டும் 31 ஆட்டம் இருக்கிறது. அதனால் விற்றுவிடச் சொன்ன நண்பரோடு எனக்கு உடன்பாடு இல்லை. லேண்டுகளைப் பற்றி அவர் சொன்னது மட்டும் சரி.

முதலில் அந்த மூன்று தோல்வியைப் பார்ப்போம். நாலு பேரும் சம பலத்தில் இருந்தால் ஒருவர் ஒரு ஆட்டத்தில் தோற்க நாலில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு. தொடர்ந்து மூன்று தோற்க? முக்காலை மூன்று முறை பெருக்குங்கள், 100க்கு 42 வருகிறது. அதாவது டெக்கிலும் ஆளிலும் ஒரு குறையும் இல்லாதபோதே ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது நடக்கும். பத்து ஆட்டமும் தோற்றால் அப்போது யோசிக்கலாம், ஏனென்றால் சம பலத்தில் அது நடக்க 100க்கு ஆறு கூட இல்லை. கமாண்டரில் ஒரு டெக்கை வெற்றி எண்ணிக்கையை வைத்து எடைபோட நிறைய ஆட்டம் வேண்டும். நான் 31இல் ஒன்பது வென்றிருக்கிறேன். கால் பங்கு என்றால் எட்டு வர வேண்டும். என்னைப் பொறுத்தவரை அது நேர்மையான டெக்.

அதனால் வென்றோமா தோற்றோமா என்பதை நான் இரண்டாவதாகத்தான் எழுதுவேன். முதலில் எழுதுவது இரண்டு விஷயம். தோற்கும் நேரத்தில் கையில் மிச்சமிருந்த கார்டுகள் எவை? போர்டு வைப் (போர்டில் இருப்பதையெல்லாம் ஒரே கார்டு துடைத்துவிடுவது) நடந்த அடுத்த டர்னில் என்னால் என்ன செய்ய முடிந்தது? ப்ரீகான் எதை வாங்கினாலும் பத்து ஆட்டம் வரை ஒரு கார்டும் மாற்றாமல் இந்த இரண்டையும் குறியுங்கள். பத்தாவது ஆட்டத்தில் டெக்கே தன்னைப் பற்றிச் சொல்லிவிடும்.

எனக்கு அது சொன்னதை எழுதுகிறேன்.

இந்த டெக்கின் பலம் தொடக்கத்தில் இருக்கிறது. எல்விஷ் மிஸ்டிக் முதல் டர்னில் வந்தால் இரண்டாவது டர்னிலேயே மூன்று மானா. வுட் எல்வ்ஸ், ஃபார்ஹேவன் எல்ஃப் இரண்டும் லேண்டைத் தேடித் தருகின்றன, அவையும் எல்ஃப்தான். மானாவுக்கென்று ஒரு கூட்டம், சண்டைக்கென்று ஒரு கூட்டம் என்று பிரிக்க வேண்டியதில்லை. எல்விஷ் ஆர்ச்ட்ரூயிட் ஒன்று நிலைத்துவிட்டால் மற்ற எல்ஃப் எல்லாம் பெரிதாகின்றன, ஒவ்வொரு எல்ஃபுக்கும் ஒரு பச்சை மானாவும் கிடைக்கிறது. ஐந்தாவது டர்னில் எனக்கு ஒன்பது மானா இருந்த ஆட்டம் உண்டு. அந்த வேகத்தை டேப்பாகி வரும் லேண்டுகள் கொஞ்சம் குறைக்கின்றன, அவ்வளவுதான். முதல் டர்னில் வேறு வேலை இல்லாவிட்டால் அவற்றை அப்போதே இறக்கிவிடுங்கள்.

இரண்டாவது, இது நாலு பேர் ஆட்டத்துக்கென்றே எழுதிய கார்டுகள் உள்ள டெக். ப்ரீகானை எடைபோடும்போது நான் கார்டுகளை விரித்து வைத்து "ஒவ்வொரு எதிராளியும்", "ஒவ்வொரு அப்கீப்பிலும்" (அப்கீப் என்றால் டர்னின் தொடக்கக் கட்டம்) போன்ற சொற்கள் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்று பார்ப்பேன். வுல்வரின் ரைடர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மானா. ஒவ்வொரு அப்கீப்பிலும் ஓர் எல்ஃப் டோக்கன், அதாவது கையிலிருந்து கார்டு போடாமலே கிடைக்கும் கிரியேச்சர். உங்களுடைய அப்கீப் மட்டும் இல்லை, எல்லாருடையதும். இருவர் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு, உங்கள் மேசையில் நாலு. லைஃபும் கூடவே ஏறும். வாய்ஸ் ஆஃப் மெனி வரும்போது, உங்களைவிடக் குறைவான கிரியேச்சர் வைத்திருக்கும் எதிராளி ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு எடுக்கலாம். எல்ஃப் டெக்குக்கு அது பெரும்பாலும் மூன்று கார்டு. அதே கார்டு இருவர் ஆட்டத்தில் ஒன்றுக்கு மேல் தராது. 20 லைஃப் உள்ள ஒருவரை அடிக்கக் கட்டிய டெக், தலைக்கு 40 வீதம் மூன்று பேரிடம் இருக்கும் 120 லைஃபை எதிர்கொள்ளும்போது மூச்சுவாங்கும். எல்வன் எம்பயருக்கு அந்தக் குறை இல்லை.

இப்போது உங்களை வீழ்த்திய இடத்துக்கு வருகிறேன். எனக்கும் முதல் ஐந்து ஆட்டம் அங்கேதான் போனது.

லாத்ரிலின் கார்டைப் படித்தால் பத்து எல்ஃப் என்ற எண் கண்ணில் ஒட்டிக்கொள்ளும். பத்து சேர்த்துவிட வேண்டும் என்று கையில் இருப்பதையெல்லாம் போர்டில் இறக்குவோம். ஆனால் பிளாஸ்பிமஸ் ஆக்ட்டின் விலை என்ன? ஒன்பது மானா. போர்டில் இருக்கும் ஒவ்வொரு கிரியேச்சருக்கும் ஒன்று குறையும். போர்டில் எட்டு கிரியேச்சர் இருந்தால் போதும், அது ஒரு சிவப்பு மானா கார்டு. உங்களிடம் மட்டுமே பத்து இருந்தது. அன்று மகளுக்கு அது ஒரு மானாவுக்குக் கிடைக்க உங்கள் எல்ஃப்களே போதுமானவையாக இருந்தன. இதைப் புரிந்துகொண்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை பெய்துகொண்டிருந்தது, கல் மேசையின் ஒரு பக்கம் நனைந்து கார்டுகளை எல்லாம் நடுவுக்கு இழுத்து வைத்திருந்தோம். ஒன்பது எல்ஃபை ஒரே நேரத்தில் கிரேவ்யார்டில் வைத்துவிட்டு, கையில் ஒன்றும் இல்லாமல், அடுத்த நாலு டர்ன் ஒரு கார்டு எடுப்பதும் ஒரு எல்ஃப் போடுவதுமாக இருந்தேன். அன்றிரவு நோட்டில் எழுதினேன்: ஆறுக்கு மேல் இறக்காதே.

அதிலிருந்து போர்டில் ஆறு எல்ஃப், கையில் இரண்டு அல்லது மூன்று எப்போதும் மிச்சம். டோக்கன்கள் தானாக வருவதைப் பற்றிக் கவலை இல்லை, அவை கையைக் காலி செய்வதில்லையே. அப்படி ஆடத் தொடங்கிய பிறகுதான் இந்த டெக்கின் உண்மையான தரம் தெரிந்தது. மோல்டர்வைன் ரிக்ளமேஷன் போர்டில் இருக்கும்போது வைப் வந்தால் செத்த ஒவ்வொரு கிரியேச்சருக்கும் ஒரு கார்டு, ஒரு லைஃப். டோக்கனுக்கும் உண்டு. எல்டர்ஃபாங் வெனம் இருந்தால் செத்த ஒவ்வொரு எல்ஃபுக்கும் ஒவ்வொரு எதிராளியும் ஒரு லைஃப் இழப்பார். அது இருப்பதைப் பார்த்துவிட்டு எங்கள் மேசையில் ஒருவர் வைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். லாத்ரில் செத்தாலும் கமாண்ட் ஸோனுக்குத்தான் போகிறாள், நாலுக்குப் பதில் ஆறு மானாவுக்குத் திரும்பி வருவாள். எல்ஃப் டெக்குக்கு மானா ஒரு பிரச்சினையே இல்லை.

அடுத்தது கார்டு எடுக்கும் வழி. ப்ரீகான்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான், அதனால் இதைக் கணக்காகவே பாருங்கள். மூன்றாவது டர்னுக்குள் நீங்கள் பத்து கார்டு பார்த்திருப்பீர்கள். 99 கார்டில் கார்டு தருபவை நாலு மட்டும் இருந்தால், அந்தப் பத்துக்குள் ஒன்றாவது வர வாய்ப்பு 100க்கு 35. எட்டு இருந்தால் 59. பத்து இருந்தால் 67. எல்வன் எம்பயரில் நான் எட்டு எண்ணி வைத்திருக்கிறேன்: பீஸ்ட் விஸ்பரர், வாய்ஸ் ஆஃப் மெனி, பாக்ட் ஆஃப் த சர்ப்பென்ட், ஆம்பிஷன்ஸ் காஸ்ட், மோல்டர்வைன், மாஸ்க்ட் அட்மைரர்ஸ், ட்வின்பிளேடு அசாஸின்ஸ், சில்வன் மெசஞ்சர். ஒரு ப்ரீகானுக்கு இது மோசமில்லை. ஆனால் இவற்றில் பல நாலு மானா. பாக்ட் ஆஃப் த சர்ப்பென்ட்டை போர்டில் எல்ஃப் நிறைய இருக்கும்போது போட்டால்தான் பயன், வைப் நடந்த பிறகு அது வெறும் காகிதம். அதனால் அதைக் கடைசிவரை வைத்திருக்காதீர்கள். ஐந்து எல்ஃப் வந்ததும் போட்டு ஐந்து கார்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்து லைஃப் போனால் போகட்டும்.

வெற்றி எப்படி வருகிறது என்பதையும் நோட்டில் பார்த்தேன். ஒன்பதில் லாத்ரிலின் பத்து எல்ஃப் சக்தியால் முடிந்தது இரண்டே இரண்டு. நாலு, எண்ட்-ரேஸ் ஃபோர்ரன்னர்ஸ் இறங்கி எல்லாவற்றுக்கும் +2/+2 (அடிக்கும் பலமும் தாங்கும் பலமும் இரண்டு கூடும்), டிராம்பிள் (தடுத்தாலும் மிச்ச அடி எதிராளிக்குப் போகும்) கொடுத்த டர்னில். ஷாமன் ஆஃப் த பேக் இரண்டு. ஒருவருக்கு உங்கள் எல்ஃப் எண்ணிக்கை அளவு லைஃப் குறையும், அடிக்கவே வேண்டாம், தடுக்கவும் முடியாது. மிச்சம் ஒன்று, லாத்ரில் தனியாகவே 21 கமாண்டர் டேமேஜ் (ஒரே கமாண்டரிடம் அவ்வளவு வாங்கினால் ஆள் வெளியே) அடித்தது. மெனஸ் இருப்பதால் தடுக்க இரண்டு பேர் வேண்டும், அன்று எதிராளியிடம் ஒருவருக்கு மேல் நிற்கவே இல்லை. ஆக, பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் வழி இந்த டெக்கின் நாலு வழிகளில் ஒன்று மட்டும்தான். முடிக்கும் வழி எத்தனை என்பதும் எடைபோடுவதில் சேரும். ஒரே வழி உள்ள ப்ரீகானை இரண்டாவது ஆட்டத்திலேயே மேசை படித்துவிடும்.

குறைகளும் உண்டு. கிரவுன் ஆஃப் ஸ்கெம்ஃபார் என் கையில் ஏழு தோல்விகளில் மிச்சமிருந்தது. ஒரு கிரியேச்சர் மேல் எல்லாவற்றையும் ஏற்றும் ஆரா, எதிரே மூன்று பேர் கொல்லக் காத்திருக்கும் மேசையில் நிற்காது. லிஸ் அலானா ஸ்கார்பிளேடுக்குக் கையிலிருந்து ஓர் எல்ஃபைக் கழிக்க வேண்டும். கையில் எல்ஃப் வைத்திருக்கப் பழகிய பிறகு அவற்றைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. ரூத்லெஸ் வினோவர் பற்றி ஒரு எச்சரிக்கை. எல்லாருடைய அப்கீப்பிலும் எல்ஃப் அல்லாத ஒரு கிரியேச்சரை அவரவர் பலியிட வேண்டும். மிக வலுவான கார்டு. ஆனால் அது இறங்கிய நொடியில் மற்ற மூன்று பேரும் உங்களைப் பார்ப்பார்கள். சிநேகிதிகளோடு ஆடும் மேசையில், அன்றே முடிக்க முடியும் என்று தெரிந்தால் மட்டும் போடுங்கள்.

இன்னொன்று, டெக்கை உங்கள் மேசையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஜாக்ட்-ஸ்கார் ஆர்ச்சர்ஸை எங்கள் மேசையில் யாரும் மதிப்பதில்லை, இங்கே பறக்கும் கிரியேச்சர் குறைவு. உங்கள் மகள் டிராகன் ஆடுகிறாள். அந்த ஆர்ச்சர்ஸின் பலம் உங்கள் எல்ஃப் எண்ணிக்கை. டேப் செய்தால் அந்த அளவு டேமேஜ் பறக்கும் ஒரு கிரியேச்சருக்கு. டர்னுக்கு ஒரு டிராகன் விழும். இணையப் பட்டியல்கள் அதை எடுக்கச் சொல்லலாம். எடுக்காதீர்கள்.

பத்து ஆட்டத்துக்குப் பிறகு நான் மாற்றியது மூன்றே மூன்று. கிரவுனுக்குப் பதில் ஸ்கல்கிளாம்ப். ஒரு மானாவுக்கு ஒரு 1/1 டோக்கனை மாட்டினால் அது செத்து இரண்டு கார்டு தருகிறது. ஸ்கார்பிளேடுக்குப் பதில் ஹீரோயிக் இன்டர்வென்ஷன். உங்கள் கிரியேச்சர்களை அந்த டர்னில் அழியாமல் காக்கும் கார்டு, இரண்டு மானாவைத் திறந்து வைத்திருந்தால் பிளாஸ்பிமஸ் ஆக்ட்டுக்கு அதுதான் பதில். கில்ட்கேட்டுக்குப் பதில் சாதாரண ஃபாரஸ்ட். உள்ளே இருக்கும் கார்டுகளின் விற்பனை விலையைக் கூட்டிப் பார்த்து ப்ரீகானை மதிப்பவர்களும் இருக்கிறார்கள். விற்கப் போவதில்லை என்றால் அந்தக் கணக்கு உங்களுக்குத் தேவையில்லை.

எனவே அண்ணா, டெக் நல்லது. இன்னும் ஏழு ஆட்டம் அப்படியே ஆடுங்கள். ஆறுக்கு மேல் இறக்காமல்.


விதிநூல் எழுதியது:

மேலே அக்கா விரிவாகச் சொல்லிவிட்டார். விதியில் ஒரு சிறு திருத்தம் மட்டும். லாத்ரிலின் சக்திக்கு லாத்ரிலையும் டேப் செய்ய வேண்டும், அதோடு டேப் ஆகாத பத்து எல்ஃப். ஆக அவளோடு சேர்த்துப் பதினொன்று. நீங்கள் பத்து என்று எண்ணியிருந்தால் அடுத்த டர்னிலும் ஒன்று குறைந்திருக்கும்.

நல்ல செய்தியும் உண்டு. லாத்ரில் உங்கள் டர்ன் தொடங்கியதிலிருந்து போர்டில் இருந்திருக்க வேண்டும், ஆனால் மற்ற பத்தும் அப்போதுதான் வந்தவையாக இருந்தாலும் பரவாயில்லை. இந்தச் சக்தியை யாருடைய டர்னிலும் பயன்படுத்தலாம். பதினொன்று இருக்கும்போது யாராவது பிளாஸ்பிமஸ் ஆக்ட் போட்டால், அது நிறைவேறும் முன்பே எல்லாவற்றையும் டேப் செய்துவிடுங்கள். எல்ஃப்கள் சாகும், ஆனால் மூன்று பேருக்கும் பத்து லைஃப் போயிருக்கும். வைப் வராவிட்டால், உங்களுக்கு முந்தையவரின் டர்ன் முடியும்போது ஒருமுறை, உங்கள் டர்னில் அன்டேப் ஆனதும் இன்னொரு முறை. ஒரே மூச்சில் இருபது.


ஸ்கார்பரோ_அப்பா எழுதியது:

இரண்டு சனிக்கிழமை கழித்து வருகிறேன். மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பச்சைக்கறுப்பு அக்கா, நீங்கள் வயதில் இளையவராக இருக்கலாம், ஆனாலும் அக்கா என்றே கூப்பிடுகிறேன். நானும் ஒரு கொப்பி வாங்கிவிட்டேன். நிலச்சீட்டு தம்பி சொன்னபடி பிள்ளைகளிடம் பிராக்கெட் பற்றியும் கேட்டேன். மகளுடையது மூன்று, மற்ற இருவரும் ப்ரீகானில் சில கார்டு மாற்றியவர்கள்.

முதல் ஆட்டத்தில் ஆறோடு நிறுத்தினேன். மிகவும் கஷ்டமாக இருந்தது. கையில் எல்ஃப் இருக்கிறது, மானா இருக்கிறது, போடாமல் இருப்பது ஏதோ பிழை செய்வது போல இருந்தது. ஒன்பதாவது டர்னில் மகள் பிளாஸ்பிமஸ் ஆக்ட்டைப் போட்டாள். இந்த முறை அவளுக்கு மூன்று மானா செலவானது. அடுத்த டர்னில் நான் லாத்ரிலைத் திரும்ப இறக்கினேன், அதற்கு அடுத்ததில் லிஸ் அலானா ஹண்ட்மாஸ்டர், பிறகு போட்ட ஒவ்வொரு எல்ஃபுக்கும் ஒரு டோக்கன். இரண்டு பேர் வெளியேறிய பிறகும் நான் மேசையில் இருந்தேன். கடைசியில் மகளின் சிநேகிதி ஒருத்தி வென்றாள். எனக்கு இரண்டாம் இடம்.

இரண்டாவது ஆட்டத்தில் சீக்கிரமே தோற்றேன். முதல் ஏழு டர்னில் கார்டு எடுக்கும் ஒன்றும் வரவில்லை. கொப்பியில் அப்படியே எழுதியிருக்கிறேன். கையில் மிச்சம் இருந்தவை: கிரவுன் ஆஃப் ஸ்கெம்ஃபார், இரண்டு லேண்ட். ஆனால் தோற்கும் முன் ஆர்ச்சர்ஸ் இரண்டு டிராகனை விழுத்தியது. இரண்டாவது விழுந்தபோது மகள் கார்டை என் கையிலிருந்து வாங்கி, எழுதியிருப்பதை முழுவதும் படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

இப்போது ஒரு புதுக் கேள்வி. அடுத்த சனிக்கிழமை டெக்கை மாற்றிக்கொள்வோமா என்று கேட்கிறாள். லாத்ரிலை அவள் ஆடுவாளாம், டிராகனை நான் ஆட வேண்டுமாம். பத்து ஆட்டம் முடியும் முன் மாற்றினால் கணக்குக் கெடுமா?


பச்சைக்கறுப்பு எழுதியது:

கெடாது அண்ணா, கண்டிப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். டிராகன் பக்கம் உட்கார்ந்து, பிளாஸ்பிமஸ் ஆக்ட் கையில் இருக்கும்போது எதிரே எத்தனை எல்ஃப் வந்தால் போடத் தோன்றுகிறது என்று பாருங்கள். நான் ஆறு என்று எழுதியது எங்கள் மேசையின் எண். உங்கள் மேசையில் அது ஐந்தாக இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். கொப்பியில் அந்த எண்ணை எழுதுங்கள். மகள் எந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிறாள் என்பதையும் கவனித்து எழுதுங்கள். ஹண்ட்மாஸ்டர் அவள் பக்கம் இறங்கினால் அடுத்த எல்ஃப் வரும் முன் கொன்றுவிடுங்கள்.